பழைய ட்ரையம்ப் எஞ்சினை பேலன்ஸ் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

என்னிடம் இருப்பது 1969 ட்ரையம்ப் பானவில் டி120 மோட்டார் சைக்கிள், 649 சிசி. நான் குடியிருக்கும் கவென்ட்ரிக்குப் பக்கத்தில், மெரிடனில் செய்த வண்டி. வேகம் மணிக்கு 60 மைலைத் தாண்டினால் கை மரத்துப்போகும். அதற்காகத்தான் எஞ்சினைக் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்தேன்.

"அதிர்வே இருக்காது" என்றார் பட்டறைக்காரர். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். ஒன்றின் ஆட்டத்தை மற்றது ஈடுகட்டாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க்; அதில் இருக்கும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அந்த ஃப்ளைவீல் எடையை வைத்து மேலும் கீழுமான அதிர்வைக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத் திருப்பலாம், அவ்வளவுதான். ஏறி இறங்கும் எடையில் எத்தனை பங்கை ஃப்ளைவீல் எடையால் ஈடுகட்டுவது என்பதுதான் பேலன்ஸ் கணக்கு. இந்த எஞ்சினுக்கு அது 85 சதவீதம்.

கிராங்க் பேலன்ஸ், புது பிக் எண்ட் ஷெல் (பிஸ்டனின் கம்பி கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பேரிங் தகடு), ஸ்லட்ஜ் ட்ராப் (கிராங்குக்குள் அழுக்கு சேரும் குழாய்) சுத்தம் என்று பில்லில் வரிசையாக எழுதி 1,850 பவுண்ட் வாங்கினார். ஓட்டிப் பார்த்தால் அதே நடுக்கம். 400 மைலில் அடியிலிருந்து டக் டக் என்று தட்டும் சத்தம் வேறு.

நானே பிரித்தேன். ஸ்லட்ஜ் ட்ராப்பின் மூடித் திருகு கழன்றுவிடாமல் இருக்க ஓரத்தில் பஞ்ச் வைத்து ஒரு குத்து குத்தியிருப்பார்கள். அந்தப் பழைய குத்து அப்படியே இருந்தது, சுற்றிலும் கறுத்த எண்ணெய்க் கறையோடு. திருகை யாரும் தொடவே இல்லை! உள்ளே குழாய் முழுக்கக் கெட்டியான சகதி. இந்த வண்டியில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது, சல்லடை மட்டும்தான். அதில் தப்பும் அழுக்கெல்லாம் கிராங்க் சுழலும் வேகத்தில் ஒதுங்குவது இந்தக் குழாயில்தான். பிக் எண்டுக்குப் போகும் எண்ணெயும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். அடைத்துக்கொண்டால் ஷெல் என்ன ஆகும்? புது ஷெல் வெள்ளை உலோகம் தேய்ந்து, செம்பு நிறம் தெரிந்தது. ஃப்ளைவீலில் புதிதாகத் துளையிட்ட தடம் ஒன்றுகூட இல்லை. பிஸ்டன்களைச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஒன்றுக்கொன்று 9 கிராம் வித்தியாசம்.

போய்க் கேட்டதற்கு, "நீங்கள் பிரித்துவிட்டீர்கள், இனி உத்தரவாதம் இல்லை" என்று கையை விரித்துவிட்டார்.

கிராங்கைக் கொடுக்கும் முன் அந்தக் குத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் பழைய ஸ்லட்ஜ் குழாயையும் பழைய ஷெல்களையும் கையில் கேட்டு வாங்குங்கள். எத்தனை சதவீதத்துக்கு பேலன்ஸ் செய்தார், பேலன்ஸ் பார்க்கும்போது கிராங்கில் தொங்கவிட்ட எடை எத்தனை கிராம் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அப்போதே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.