மைக் இல்லாமல் கேட்க எங்கே போவது? சிம்பொனிக்கு நம் டவுனிலிருந்து நான்கு வழிகள்

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இந்த வருடம் ஒரே பேச்சு, பிள்ளைகளை ஒரு சிம்பொனி கச்சேரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, சிலாங்கூரில் இருக்கும் எங்கள் டவுன் பத்தாங் பெர்ஜுந்தையின் கடைத்தெருவில்கூட அந்தச் சொல் புழங்க ஆரம்பித்துவிட்டது. (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வெகு நாளாகிறது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) கையில் இருக்கும் காசு ஒரு பேருந்துக்கும் கொஞ்சம் டிக்கெட்டுக்கும்தான் வரும். அதனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் கொஞ்சம் விசாரித்து, சிலவற்றுக்கு நேரில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நமக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்றால் தோட்டத்துத் திருவிழாவில் மேடை போட்டு, கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிம்பொனி இசைக்குழு வேறு. எழுபது, எண்பது பேர், சில சமயம் அதற்கும் மேல். வயலின்களே இரண்டு கூட்டம், அப்புறம் வியோலா, செல்லோ, டபுள் பேஸ், ஊதும் கருவிகள், பித்தளைக் கருவிகள், டிம்பானி என்ற பெரிய முரசுகள். இத்தனைக்கும் நடுவில் ஒரு மைக்கூட கிடையாது. மண்டபத்தின் சுவரும் கூரையும்தான் ஓசையைக் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்க்கின்றன.

எனக்கு இதுதான் முக்கியம். நம் பிள்ளைகளின் காது முழுக்க ஸ்பீக்கர் வழியாகவே இசையைக் கேட்டுப் பழகிய காது. கோயிலில் கூம்பு ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்தில் பெட்டி ஸ்பீக்கர், வீட்டில் கைப்பேசி. இருபது வயலின் ஒன்றாக வாசித்தால் அது ஒரு வயலினைச் சத்தமாக வைத்த மாதிரி இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. பத்து வயலின் சேர்ந்தால் சத்தம் பத்து மடங்கு ஆவதில்லை, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் படும். ஆனால் பத்துப் பேரின் சுருதியும் மயிரிழை மயிரிழையாக விலகி நிற்பதால் ஓசைக்கு ஒரு அகலம் வந்துவிடுகிறது. அதை நேரில் உட்கார்ந்துதான் கேட்க முடியும். ஆகவே விலை, புகழ், தூரம் எல்லாம் இரண்டாவது. மைக் உண்டா இல்லையா, இருந்தால் எதற்கு என்பதைத்தான் ஒவ்வொரு இடத்திலும் நான் முதலில் பார்த்தேன்.

சரி, முதல் வழி எல்லோரும் சொல்வது: கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ். மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 ஆகஸ்டு 17 அன்று முதல் கச்சேரி செய்தது இங்கேதான், அதன் முதல் இசை இயக்குநர் கீஸ் பாக்கல்ஸ். மண்டபம் நீளமான செவ்வக வடிவம், செருப்புப் பெட்டி மாதிரி. பக்கச் சுவர்கள் அருகில் இருப்பதால் ஓசை இரு புறமும் பட்டுத் திரும்பிக் காதுக்கு வருகிறது. மேடைக்குப் பின்னால் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த 2,977 குழாய்கள் கொண்ட ஆர்கன். நான் முதல் முறை போனபோது மலிவான டிக்கெட்டில் பின்னால்தான் உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் எல்லாரும் நிறுத்திவிட்டு ஒரு கிளாரினெட் மட்டும் மெல்ல வாசித்தது, வாசிப்பவர் மூச்சு எடுத்தது வரைக்கும் கேட்டது. அதற்கு அடுத்த நொடி மொத்தக் குழுவும் சேர்ந்து வாசித்தபோது நெஞ்சுக்கூட்டில் அதிர்வு தெரிந்தது. உறுமி மேளம் பக்கத்தில் நிற்கும்போது வருமே, அந்த அதிர்வு. மின்சாரம் இல்லாமல் மரமும் தோலும் பித்தளையும் இதைச் செய்கின்றன என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஆனால் நம் ஊரிலிருந்து போவது லேசு இல்லை. சனிக்கிழமை இரவுக் கச்சேரி முடிந்து பிள்ளைகளைக் கூட்டி, பேருந்தில் ஏற்றி, லாட்டார் நெடுஞ்சாலை வழியாக வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். பேருந்து வேண்டாம், ரயிலில் போகலாம் என்றால் ராவாங் வரைக்கும் யாராவது காரில் கொண்டுபோய் விட வேண்டும், அங்கிருந்து கொம்யூட்டரில் கே.எல். சென்ட்ரல், பிறகு எல்.ஆர்.டி.யில் ஐந்து நிறுத்தம். பெரியவர்கள் நாலு பேர் போக இது நல்ல வழி, நாற்பது பிள்ளைகளோடு என்றால் நான் மாட்டேன். ஞாயிறு பிற்பகல் கச்சேரி இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், திங்கள் விடிகாலை தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்களுக்கும் தொந்தரவு இல்லை. இன்னொன்று, தாமதமாகப் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள், தகுந்த இடைவெளி வரும் வரைக்கும் வெளியே நிற்க வேண்டும். ஜாலான் கூச்சிங் நெரிசலைத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் கூடாது, பள்ளிச் சீருடையே போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம்.

எந்தக் கச்சேரி என்பதுதான் பெரிய கேள்வி. இசைக்குழுக்கள் தங்கள் பருவத்தின் கச்சேரிகளை முன்கூட்டியே அறிவித்துவிடும். வழக்கமான ஒரு மாலையில் முதலில் சின்ன உருப்படி ஒன்று, பிறகு ஒருவர் தனியாக முன்னால் நின்று வாசிக்கும் கான்செர்ட்டோ, இடைவேளை, கடைசியில் முழு சிம்பொனி. பெயரைப் பார்த்து பீத்தோவனின் ஒன்பதாவது என்று எடுத்துவிடாதீர்கள், அது ஒன்றே ஒரு மணி நேரத்தைத் தாண்டும், பத்து வயதுப் பிள்ளைக்குத் தண்டனை ஆகிவிடும். அவருடைய ஐந்தாவது அரை மணிக்குச் சற்று மேல், பிள்ளைகள் தாங்குவார்கள். குடும்பங்களுக்கென்று வைக்கும் கச்சேரி கிடைத்தால் இன்னும் நல்லது. அவற்றில் புரோகோபியெவ் 1936-இல் சிறுவர்களுக்காக எழுதிய பீட்டரும் ஓநாயும் இருந்தால் விடவே விடாதீர்கள். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்கு கிளாரினெட், தாத்தாவுக்கு பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன் என்று கதையோடு கருவிகளை அறிமுகம் செய்யும் உருப்படி அது, அரை மணிக்குள் முடிந்துவிடும்.

கைதட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. சிம்பொனியில் நாலு பகுதி இருந்தால் நடுவில் மூன்று முறை அமைதி வரும். அப்போது தட்டும் வழக்கம் இல்லை. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டிப் பழகிய கை சும்மா இருக்காது, முன்பே சொல்லி வையுங்கள். அப்படியே ஒரு பிள்ளை தட்டிவிட்டாலும் யாரும் அடிக்க வரப்போவதில்லை.

இரண்டாவது வழி, ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய அரங்கமான இஸ்தானா புடாயா. அங்கே வாசிப்பது 1993-இல் தொடங்கிய தேசிய சிம்பொனி இசைக்குழு. மலாய்ப் பாடகர்களோடு சேர்ந்து செய்யும் நிகழ்ச்சிகளும் உண்டு, பிள்ளைகளுக்குப் பழகிய பாட்டுகள் கிடைக்கும். ஆனால் பாடகர் வந்தாலே மைக் வந்துவிடும். வெறும் இசைக்குழு மட்டும் வாசிக்கும் நாள் என்றால் போகலாம். இதே காரணத்துக்காகத்தான், சிலர் சொன்ன சினிமாப் பாட்டு சிம்பொனி இரவையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. போய் ரசிக்கலாம், நானும் போவேன். ஆனால் பெரிய அரங்கில் நாற்பது வயலின் இருந்தாலும் நம் காதுக்கு வருவது ஸ்பீக்கர் ஓசைதான்.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: சம்பளத்துக்கு இல்லாமல் ஆசைக்கு வாசிப்பவர்களின் சமூக இசைக்குழு. செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005-இல் திறந்த கோலாலம்பூர் நிகழ்கலை மையத்தில் இப்படிப்பட்டவர்களுக்கான இசைக்குழு வளர்ந்திருக்கிறது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக ரயில்வே வேலை பார்த்த செந்தூல் அது, பெரியவர்களுக்கு அந்த இடத்தின் மேலேயே ஒரு பாசம் உண்டு. இதுபோன்ற குழுக்களின் வாசிப்பில் பிசிறு இருக்கும், ஹார்ன் சில இடத்தில் வழுக்கும். ஆனால் பகலில் கணக்கு எழுதுபவரும் பாடம் நடத்துபவரும் ராத்திரி வயலின் பெட்டியோடு வந்து உட்கார்ந்து வாசிப்பதைப் பார்க்கும்போது, இதை நாமும் செய்யலாமே என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும். கே.எல்.சி.சி. மேடையைப் பார்த்து அப்படித் தோன்றுவது கஷ்டம்.

இங்கே எனக்கு ஒரு பிள்ளை ஞாபகம் வருகிறது. எங்கள் கோயில் வகுப்பில் நாலு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கும் படிவம் மூன்று மாணவி. "அண்ணே, நான் அதுல சேர முடியுமா?" என்று கேட்டாள். முடியும், ஆனால் மறுபடி கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும். கருவி ஒன்றுதான். பாலுசுவாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்றுத்தான் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். ஆனால் நாம் சம்மணமிட்டு, நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வைத்து, நான்கு தந்தியையும் சா பா சா பா என்று சேர்த்து வாசிக்கிறோம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் வைத்து, தந்திக்குத் தந்தி ஐந்து சுரம் தள்ளிச் சேர்க்கிறார்கள். நாம் காதால் கற்கிறோம், அவர்கள் ஐந்து கோட்டில் எழுதியதைப் பார்த்து வாசிக்கிறார்கள். கமகத்தில் வழுக்கிப் பழகிய விரலை ஒரு சுரத்தில் அசையாமல் நிறுத்துவது தனிப் பயிற்சி. அவளுக்குக் காது இருக்கிறது, சுருதி இருக்கிறது; கோட்டில் எழுதியதைப் படிக்க ஒரு வருடம் உழைத்தால் வந்துவிடும் என்று நம்புகிறேன். அதற்காகக் கர்நாடகத்தை விடவும் வேண்டாம். 1981-இல் தொடங்கி, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நம் மரபை முறையாகக் கற்றுத் தருகிறது, அந்த வேர் இருந்தால் மற்றது எளிது. இடைநிலைப்பள்ளியில் பஞ்சராகம் என்ற பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ வாசிக்கும் பையன்களுக்கு இந்தத் தடையும் இல்லை, அவர்கள் ஏற்கெனவே கோட்டைப் படிப்பவர்கள். அவர்களுக்கு மலேசிய பில்ஹார்மோனிக்கின் இளையோர் இசைக்குழுவும் இருக்கிறது. 2007-இல் முதல் கச்சேரி செய்த குழு, தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள்.

நான்காவது வழி, இசைக்குழுவையே இங்கே கூட்டி வருவது. முழுக் குழு வராது, வந்தாலும் நம் மண்டபத்தில் இடம் இல்லை. நாலைந்து பேர் வரலாம். இசைக்குழுக்களுக்கு வெளியே போய் வாசிக்கும் சமூகத் திட்டங்கள் உண்டு, சமூகக் குழுவினரையும் நட்பாகக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: சில வருடங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் சிம்பொனி அறிமுகம் என்று பேசிப் பணம் கொடுத்தோம், வந்தது ஒரு கீபோர்டும் பதிவு செய்த பின்னணி இசையும்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என்ன கருவி, எத்தனை பேர், நேரில் வாசிப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாலு தந்திக் கருவிகளை அழைப்பதா, ஐந்து ஊதும் கருவிகளையா என்றால் நான் ஊதும் கருவி என்பேன். காரணம் ஓபோ. அதன் வாயில் இருப்பது இரண்டு நாணல் துண்டு ஒன்றோடு ஒன்று அதிரும் சீவாளி, நம் நாதஸ்வரத்துக்கு இருப்பதன் தம்பி. நாதஸ்வரம் திறந்தவெளிக்கானது, ஏழு துளையை விரலால் பாதி மூடி உதட்டால் சுரத்தை வளைக்கும். ஓபோ மண்டபத்துக்கானது, உடம்பு முழுக்கச் சாவிகள். ஆனால் ஓசை பிறக்கும் விதம் ஒன்றுதான். எழுபது பேர் இசைக்குழுவும் ஆரம்பிக்கும் முன் இந்த ஓபோவிடம்தான் சுருதி வாங்கிக்கொள்கிறது. இதைக் கை எட்டும் தூரத்தில் பார்த்த பிள்ளை, பிறகு பெரிய மண்டபத்துக்குப் போகும்போது தனக்குத் தெரிந்த ஒருவரைத் தேடுகிற மாதிரி அந்த ஓபோவைத் தேடும்.

நம் மண்டபத்தின் பிரச்சினை கூரை. தகரக் கூரையில் பிற்பகல் மழை இறங்கினால் மைக் இல்லாத எந்தக் கருவியும் எடுபடாது. காலை பத்து மணிக்கு வையுங்கள், மின்விசிறிகளை அந்த முக்கால் மணி நேரம் நிறுத்துங்கள், புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வெயில் விழும் இடத்தில் வாசிப்பவர்களை உட்கார வைக்க வேண்டாம், மரக் கருவி விரிசல் விட்டுவிடும்.

ஆக, நான் சங்கத்தில் சொல்லப் போவது இதுதான். ஒன்றுக்குத்தான் காசு என்றால் பேருந்தை விடுங்கள், ஐந்து பேரைப் பள்ளிக்கு அழையுங்கள். இரண்டுக்கு முடிந்தால் அதற்கு அடுத்த மாதமே ஒரு ஞாயிறு பிற்பகல், 44 இருக்கைப் பேருந்தில் கே.எல்.சி.சி. வரிசையை மாற்றிப் போடாதீர்கள். கோபுரத்தையும் குளிர்சாதனத்தையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு இசை ஞாபகம் இருக்காது. செந்தூல் பயணம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், இரண்டு கார் போதும்.

கோயில் நாதஸ்வரக்காரரிடம் இதைச் சொன்னேன். அந்த ஐந்து பேர் பள்ளிக்கு வரும் அன்றைக்குக் காலையில் முகூர்த்தம் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாராம். தன் சீவாளிப் பெட்டியையும் எடுத்து வருகிறேன் என்றார், அந்த ஓபோக்காரர் எந்த நாணலில் செய்கிறார் என்று கேட்க வேண்டுமாம்.