யூஆர்எல் கேட்கும் பெட்டிகள்: செல்ஃப்-ஹோஸ்ட் மென்பொருள்களும் எஸ்எஸ்ஆர்எஃப்பும், பல வருட அனுபவம்

கிட்டீ (கோட் ரெப்போ வைக்க), நெக்ஸ்ட்கிளவுட் (கோப்பு, காலண்டர்), ஜெல்லிஃபின் (படம், பாட்டு), கிராஃபானா (வரைபட டாஷ்போர்டு) நான்கையும் பல வருடமாகச் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பாதி வீட்டில், பாதி வாடகை சர்வரில். வசதிகளைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்து மட்டும் மதிப்பெண் போடுகிறேன்: நாம் கொடுக்கும் யூஆர்எல்லை சர்வரே போய் எடுத்துவரும் இடங்களில் இவை எப்படி நடந்துகொள்கின்றன? வெப்ஹூக் (ஏதாவது நடந்தால் நாம் கொடுத்த முகவரிக்குத் தகவல் அனுப்புவது), அவதார் படம், காலண்டர் சந்தா, ரெப்போ இம்போர்ட் எல்லாமே அந்த வகைதான். வெளியாளால் உங்கள் ரெடிஸ் தரவுத்தளத்தையோ ரவுட்டரின் அட்மின் பக்கத்தையோ தொட முடியாது, சர்வரால் முடியும், அதனால் சர்வரையே அங்கே அனுப்பிவைக்கிறான். இதுதான் எஸ்எஸ்ஆர்எஃப் (சர்வர்-சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி).

ஜெல்லிஃபினில் 2021-ல் வந்த ஓட்டை (பொதுப் பதிவெண் சிவிஇ-2021-29490) நல்ல உதாரணம். படத்தின் முகவரியை வாங்கி எடுத்துத் தரும் ஏபிஐ, லாகின் கூடக் கேட்காமல் எங்கே சொன்னாலும் போய் வந்தது. 10.7.3-ல் சரி செய்தார்கள். கிராஃபானாவில் அதற்கு முந்தைய வருடம் அவதார் வழியாக: 3.0.1 முதல் 7.0.1 வரை அத்தனை பதிப்பிலும் இருந்தது, அங்கேயும் லாகின் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் கிராஃபானா போனது அவதார் படங்களைத் தரும் கிராவதார் என்ற நம்பகமான தளத்துக்குத்தான், ஆனால் அங்கிருந்து ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது), அதற்கு மேல் இன்னொரு ரீடைரக்ட் என்று தாவித் தாவி, கடைசியில் தாக்குபவன் காட்டிய இடத்தில் போய் நின்றது. முதல் முகவரியை மட்டும் சரிபார்த்தால் பிரயோஜனம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நெக்ஸ்ட்கிளவுட் இந்த விஷயத்தில் கறார். உள் நெட்வொர்க் முகவரிக்குப் போகச் சொன்னால் இயல்பாகவே மறுத்துவிடும். ஆனால் கொலாபராவை (ஆவணங்களை உலாவியிலேயே திருத்த உதவும் சர்வர்) அதே லேனில் (உள் நெட்வொர்க்கில்) வைத்தவர்கள் எல்லோரும் இந்த மறுப்பில்தான் முட்டிக்கொள்வார்கள், உடனே யாராவது 'கான்ஃபிகில் ஒரு வரியை ட்ரூ ஆக்கு, ஓடிவிடும்' என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்த ஸ்விட்ச் கொலாபராவுக்கு மட்டுமானது அல்ல, முழு நெக்ஸ்ட்கிளவுடுக்குமான தடுப்பும் சேர்ந்து போய்விடும். ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு கொடுப்பது போல அதை வடிவமைத்திருக்கலாம் என்பது என் நீண்ட நாள் குறை. கொலாபராவுக்கு வெளி டொமைன் பெயர் கொடுத்து ரிவர்ஸ் ப்ராக்ஸி (முன்னால் நின்று கோரிக்கையை வாங்கி உள்ளே தரும் சர்வர்) வழியாகச் சுற்றிக் கொண்டுவருவது கொஞ்சம் வேலைதான், ஆனாலும் அதுவே தேவலை.

எனக்குப் பிடித்தது கிட்டீ. வெப்ஹூக்கில் 127.0.0.1:6379 (அதே கணினியின் ரெடிஸ் போர்ட்) என்று போட்டு டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், எந்த ஐபி மறுக்கப்பட்டது, எந்த செட்டிங் அதற்குக் காரணம் என்று இரண்டையும் பளிச்சென்று சொல்லும். அதைவிட முக்கியம், அந்தச் சோதனை நடக்கும் இடம். யூஆர்எல்லை எழுத்தாகப் பார்த்துவிட்டு அனுப்புவதில்லை, டிஎன்எஸ் அந்தப் பெயரை ஐபியாக மாற்றி முடித்து, இணைப்பு போடும் அந்த நொடியில் எந்த ஐபிக்குப் போகிறதோ அதையே பார்க்கிறது. சோதிக்கும்போது ஒரு ஐபி, இணைக்கும்போது வேறு ஐபி என்று மாற்றிக் காட்டும் டிஎன்எஸ் ரீபைண்டிங் இங்கே எடுபடாது.

எழுத்தாகப் பார்ப்பது ஏன் ஆபத்து என்றால், 2130706433 என்பதும் 127.1 என்பதும் 0177.0.0.1 என்பதும் ஒரே லோக்கல்ஹோஸ்ட்தான் (127.0.0.1, அதாவது அதே கணினி). 2021-ல் நோட் உலகின் நெட்மாஸ்க் லைப்ரரியும் பைத்தானின் சொந்த ஐபி மாட்யூலும் இந்த முன்னால் வரும் பூஜ்யத்தில்தான் சறுக்கின. லைப்ரரியே சறுக்கும்போது, யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதிய ரெஜெக்ஸை (எழுத்து வடிவத்தைத் தேடும் விதியை) நம்பச் சொல்கிறீர்களா?

அதனால் ஆப்பை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன். பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப் வெளியிட்ட ஸ்மோக்ஸ்க்ரீன் என்ற ப்ராக்ஸியை (வெளியே போகும் கோரிக்கைகள் கடந்து போகும் இடைத்தரகர்) நடுவில் வைத்திருக்கிறேன், உள் ஐபிக்குப் போகும் எதையும் அது இயல்பாகவே தடுத்துவிடும். நன்றாக உழைக்கிறது, ஆனால் ஒரு சூட்சுமம்: கோ மொழியில் எழுதிய ஆப்கள் ப்ராக்ஸி அமைப்பைச் சூழல் மாறியிலிருந்து (என்விரான்மென்ட் வேரியபிள்) எடுக்கும்போது, லோக்கல்ஹோஸ்டுக்குப் போகும் கோரிக்கைகளை ப்ராக்ஸிக்கு அனுப்புவதே இல்லை. கிட்டீயும் கிராஃபானாவும் கோ தான். ஆக ஃபயர்வாலும் வேண்டும். டாக்கர் (ஆப்பைத் தனி கன்டெய்னரில் ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் டாக்கர்-யூசர் என்ற ஃபயர்வால் செயினில் (விதிப் பட்டியலில்) விதி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள், அது கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டைத் தாண்டி வெளியே போவதைத்தான் பிடிக்கும், ஹோஸ்டுக்கே வருவது இன்புட் செயின் வழி, அங்கேயும் தனியாக எழுத வேண்டும்.

கிளவுடில் ஓட்டினால் 169.254.169.254-ஐ (சர்வருக்கு அதன் விவரங்களையும் சாவிகளையும் தரும் மெட்டாடேட்டா முகவரி) முதலில் மூடுங்கள். 2019-ல் கேபிடல் ஒன் வங்கியில் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் தகவல் போனது இந்த மெட்டாடேட்டா முகவரி கொடுத்த சாவியால். அதே வருடம் நவம்பரில் இந்த மெட்டாடேட்டா சேவைக்கு அமேசான் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பு, முதலில் ஒரு புட் கோரிக்கை (எச்டிடிபியில் எழுதி அனுப்பும் வகை) அனுப்பி டோக்கன் வாங்கச் சொல்கிறது. சாதாரண எஸ்எஸ்ஆர்எஃப் ஓட்டைகள் பெரும்பாலும் கெட் (படிக்கக் கேட்கும் வகை) மட்டுமே அனுப்ப முடியும் என்பதால் அது நல்ல தடை. பழைய பதிப்பை அணைத்தால்தான் பலன்.

இப்போதைக்கு வெளியுலகுக்குத் திறந்திருப்பவை கிட்டீயும் நெக்ஸ்ட்கிளவுடும் மட்டும். மற்ற இரண்டும் வயர்கார்டு விபிஎன்னுக்குப் பின்னால். ஜெல்லிஃபினை டிவியில் பார்க்கும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு விபிஎன் போடச் சொல்கிறேன் என்று திட்டுகிறார்கள், திட்டட்டும்.