ஊர்வாரி பயிர் இன்சூரன்ஸ் ஷீட் 200 ரூபா குடுத்து வாங்கினேன், 4/5

சம்பாவுக்கு மூணு ஏக்கர் குத்தகைக்கு எடுக்கலாம்னு சீர்காழி பக்கம் ரெண்டு ஊர்ல நிலம் பாத்து வச்சிருந்தேன், ரெண்டுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. தண்ணி நிக்குமான்னு கேட்டா ரெண்டு ஊர்லயும் "இங்கல்லாம் நிக்காதுங்க"ன்னுதான் சொல்றாங்க. அக்கா மகன் அமெரிக்கால ஹூஸ்டன்ல வீடு பாக்கும்போது, அந்த நாடு பூரா வெள்ள இன்சூரன்ஸ்ல காசு வாங்கின 20 லட்சத்துக்கும் மேல க்ளெய்ம் விவரத்த பேர எடுத்துட்டு அரசாங்கமே இலவசமா போட்டிருக்கு, அத ஏரியாவாரியா பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸே குடுத்தான். அந்த மாதிரி நமக்கும் வேணும்னு தேடினப்பதான் இங்க கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்க ஒரு தம்பி, வருஷா வருஷம் எந்த ஊருக்கு எத்தன பர்சன்ட் இழப்பீடு வந்துச்சுங்கிற லிஸ்ட்ட சேத்து ஷீட்டா தர்றாருன்னு தெரிஞ்சுது.

உழைப்பு நல்ல உழைப்பு, மொத்தத் தொகைய போடாம பர்சன்ட்ட போட்டதும் சரி, ஏன்னா இன்சூரன்ஸ் கட்டின ஏக்கர் ஊருக்கு ஊர் மாறும். ஆனா அப்படியே நம்பிடாதீங்க. ரெண்டுல ஒரு ஊரு ஷீட்ல முழுக்க சிவப்பா, அதாவது இழப்பீடு நெறைய வந்த ஊரா இருந்துச்சு, சரி இது வேணாம்னு முடிவே பண்ணிட்டேன், அப்புறம் உத்துப் பாத்தா பெரிய பர்சன்ட் வந்தது 2016-17ல. அது வெள்ளமா? வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் கம்மியாகி பயிர் காஞ்ச வருஷம்ங்க அது! மகசூல் கொறஞ்சா இன்சூரன்ஸ் காசு குடுக்கும், காஞ்சு கொறஞ்சுதா அழுகிக் கொறஞ்சுதான்னு ஷீட்ல எங்கயும் இல்ல.

இன்னொரு விஷயம் இதவிட முக்கியம். இழப்பீடு கணக்கு பண்றப்ப முந்தின 7 வருஷத்துல நல்லா வெளஞ்ச 5 வருஷ சராசரிய வச்சுத்தான் உத்தரவாத மகசூல் போடுறாங்க, அதாவது அதுக்குக் கீழ வெளைச்சல் போனாத்தான் இழப்பீடு. அடிக்கடி மூழ்குற ஊர்ல அந்த சராசரியே எறங்கிப் போயிடும், அதனால அடுத்த தடவ மூழ்கினாலும் இழப்பீடு கம்மியாத்தான் வரும். ஷீட்ல பச்சையா தெரிஞ்ச ஊர்ல போய் நடவுக்கு வந்த ஒரு அம்மாட்ட கேட்டேன், "பள்ளக்கால் பூமி தம்பி, ஐப்பசில நட்டத கார்த்திகைல திரும்ப நடுவோம்"னாங்க. வடிகால் வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை, தண்ணி நகரவே வழியில்ல. 2022 நவம்பர்ல சீர்காழில ஒரே நாள்ல 44 செ.மீ. கொட்டுச்சே, அப்ப எத்தன நாள்ல வடிஞ்சுதுன்னு கேட்டேன், மத்த ஊர்ல சொன்ன நாளவிட இங்க ரெண்டு மடங்கு. சிவப்பு ஊரத்தான் எடுத்திருக்கேன்.

தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னேன், "சரிண்ணே, வறட்சியா வெள்ளமான்னு ஒரு கட்டம், உத்தரவாத மகசூலுக்கு ஒரு கட்டம் ஷீட்ல சேத்துடுறேன்"ன்னு பொறுமையா எழுதிக்கிட்டாரு. இப்போதைக்கு சீர்காழி, கொள்ளிடம் பிளாக் மட்டும்தான் இருக்கு, செம்பனார்கோயில்காரங்க கேட்டுட்டுப் போங்க.