லூசியா வைப்பதா, கிளாரா வைப்பதா?

பெயர்ப் பட்டியல்களில் இரண்டுக்கும் 'ஒளி' என்றே போட்டிருப்பார்கள். இரண்டும் லத்தீன்தான், ஆனால் வேர் வேறு.

லூசியாவின் வேர் 'லூக்ஸ்', அதாவது வெளிச்சம். லூசியஸ் என்ற ஆண்பெயரின் பெண்வடிவம் இது. விடியலில் பிறந்த பிள்ளைக்கு வைத்தது என்பது ரோம அறிஞர் வார்ரோ தரும் விளக்கம். கிளாரா வந்தது 'கிளாருஸ்' என்ற சொல்லிலிருந்து. தெளிவு, பளிச்சென்ற தன்மை, கூடவே புகழ் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஜோதி என்று வைக்க நினைப்பவர்களுக்கு லூசியா சரி, கீர்த்தி பக்கம் சாய்பவர்களுக்குக் கிளாரா.

புனிதர் திருநாளைப் பார்த்துப் பெயர் வைக்கும் வீடுகளுக்கு: லூசியா டிசம்பர் 13, கிளாரா ஆகஸ்ட் 11. லூசியா சிசிலியின் சிரக்கூஸ் நகரில், ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில் மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவராக, இறந்தவர். கண்ணுக்குப் பாதுகாவலர். பழைய ஜூலியன் நாட்காட்டியில் அவர் திருநாள் ஆண்டின் மிக நீண்ட இரவையொட்டி வந்தது. ஸ்வீடனில் அன்று லூசியா வேடமிட்ட பெண் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு முன்னே நடக்க ஊர்வலம் வருவார்கள். அசிசி நகரத்துக் கிளாரா (1194–1253) நோயில் படுத்திருந்தபோது, தொலைவில் நடந்த திருப்பலி அறைச் சுவரில் தெரிந்ததாம். அதனால்தான் 1958இல் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலர் ஆனார்!

நடைமுறைக்கு வருவோம். லூசியா வீட்டில் லூசி ஆகும், பள்ளிக்கூடத்தில் 'லூசு' ஆகும். தமிழ்நாட்டில் வளரப்போகும் குழந்தை என்றால் இது ஒன்றே போதும், கிளாராவுக்குத்தான் எங்கள் ஓட்டு. வெளிநாட்டிலும் லூசியா ஊருக்கு ஊர் மாறும்: இத்தாலியில் லூச்சீயா, மாட்ரிட்டில் லூத்தீயா. கிளாரா பெரும்பாலும் அப்படியே ஒலிக்கும். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் 'சி'க்குப் பதில் ஆங்கில 'கே' (K) போட்டும் எழுதுவார்கள், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்தை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். எண்கணிதத்துக்காகக் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்தால், பாஸ்போர்ட் வரை எல்லா ஆவணத்திலும் அந்த 'ஏ' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளாராவின் இத்தாலிய வடிவம் கியாரா. நல்ல பெயர், ஆனால் 'கே'யில் தொடங்கி எழுதினால் குழப்பம். ஐரிஷ் மொழியில் 'கீரா' என்று ஒலிக்கும் பெயரிலிருந்து வந்ததாகவும் அதைச் சொல்வார்கள், அதன் வேருக்குப் பொருள் கருமை. வெளிச்சம்தான் வேண்டுமென்றால் இத்தாலியர் போலவே சி-எச்-ஐ-ஏ-ஆர்-ஏ என்று எழுதுங்கள்.