பில்லோவில் எக்சிஃப் படிப்பது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சோலைகளில் பூக்கும் செடிகளை நண்பர்கள் போனில் படமெடுத்து அனுப்புகிறார்கள். எது, எந்த உயரத்தில், எந்த மாதம் பூத்தது என்று அட்டவணை போடுவது என் வேலை. இந்த விவரங்கள் படக் கோப்புக்குள்ளேயே எக்சிஃப் என்ற குறிப்பாகப் பதிந்திருக்கும். அதைப் படிக்க, பைத்தான் நிரல்மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியைத்தான், 2019-இல் 6.0 பதிப்பு வந்த காலத்திலிருந்து, பயன்படுத்துகிறேன்.

தொடங்குவது சுலபம், இரண்டு வரி போதும். ஆனால் எக்சிஃபைப் படிக்கும் கெட்எக்சிஃப் என்ற ஃபங்ஷன் தருவது மேல்தட்டுத் தகவல் மட்டும். அங்கே 306-ஆம் எண்ணில் ஒரு தேதி இருக்கும். படத்தை யாராவது எடிட் செய்திருந்தால் அது எடிட் செய்த தேதியாக இருக்கலாம். படமெடுத்த நேரம் வேண்டுமென்றால் 34665 என்ற உள்தொகுப்பைத் தனியாகக் கேட்டு, அதில் 36867-ஐப் பார்க்க வேண்டும். இருப்பிடம் 34853-இல். இந்த எண்களை எங்காவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து வரும் படங்களை நிமிர்த்தத் தனி ஃபங்ஷனே இருக்கிறது. ஐபோனின் ஹெய்க் கோப்புகளுக்குப் பில்லோ-ஹெய்ஃப் என்ற துணைப் பொதியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தலைவலி கொடுப்பது உயரம். தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே எடுத்த படங்களில் சில போன்கள் அதை ஒட்டி எழுதுகின்றன, சில 2550 பக்கம் எழுதுகின்றன. பில்லோ மேல் குற்றமில்லை, கோப்பில் இருப்பதை அப்படியே தருகிறது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்கென்று கணக்கிட்டு வைத்த ஒரு நீள்கோள வடிவத்திலிருந்து. தென்னிந்தியாவில் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. இதைத் திருத்தி எழுதும் போனும் உண்டு, திருத்தாததும் உண்டு. எது எந்தக் கணக்கு என்று குறிக்க எக்சிஃப் தரத்தில் 2023-இன் 3.0 பதிப்பில்தான் வழி வந்தது. அதனால் 272-இல் உள்ள போன் மாடலைப் பார்த்து, மாடல்வாரியாகத் திருத்தம் போடுகிறேன். இந்த மலைச்சரிவில் அவ்வளவு மீட்டர் குறைந்தால் சோலைச் செடி தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிடும்!

அடுத்தது பழைய இருப்பிடம். பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காவிட்டால் சில போன்கள் கடைசியாகத் தெரிந்த இடத்தையே எழுதிவிடும். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் படமெடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இடித்தால் அந்த இருப்பிடத்தை நான் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக வந்தால் இது எதுவுமே இருக்காது; டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேமரா நிறுவனங்களின் சொந்தக் குறிப்புகள், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்புகள் என்று போனால் பில்லோவோடு மல்லுக்கட்ட வேண்டாம், எக்சிஃப்டூல் என்ற தனி நிரலுக்கு மாறுங்கள். மற்றபடி ஜேபெக் படிக்க இது தாராளம்.

அப்புறம் ஒன்று. காட்டு ஆர்க்கிட் படங்களை வெளியே பகிரும் முன் இருப்பிடத்தை நீக்க வேண்டும், இல்லையென்றால் பிடுங்கிப் போவதற்கு நாமே வழி சொன்னதாகிவிடும். பில்லோவில் ஜேபெக்கைச் சும்மா திறந்து வேறு பெயரில் சேமித்தாலே எக்சிஃப் போய்விடும், தனியாகக் கொடுத்தால்தான் தங்கும். ஆனால் நிமிர்த்திவிட்டுச் சேமியுங்கள், திசைக் குறிப்பும் சேர்ந்தே போய்விடும்.