தேடப் போன கர்சர் திரும்பி வரவில்லை

இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் நான் பயன்படுத்திவரும் ஒரு கோட் எடிட்டரை, அதாவது நிரல் எழுதுவதற்கான மென்பொருளை, பற்றிய மதிப்பீடு இது. அதன் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அது ஒன்றுக்கு மட்டுமே உரியதன்று. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விரைவாகத் திறக்கிறது, பல லட்சம் வரிகள் கொண்ட லாக் ஃபைலைக் கொடுத்தாலும் திணறுவதில்லை, ஒரே சொல்லைப் பல இடங்களில் ஒருசேர மாற்றுவதற்குப் பல கர்சர்களை வைத்துக்கொள்ளும் வசதி பிசிறின்றி இயங்குகிறது. தேடல் பெட்டியும் நல்ல பெட்டிதான்: கர்சர் நிற்கும் சொல்லைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது, அச்சொல் மொத்தம் எத்தனை இடங்களில் வருகிறது, அவற்றில் எத்தனையாவதில் நிற்கிறோம் என்பதையும் காட்டுகிறது. அந்தப் பெட்டியை மூடும் கணத்தில்தான் என் குறை தொடங்குகிறது.

நீளமான ஒரு ஃபைலின் 1,240ஆவது வரியில் ஒரு நிபந்தனையை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டிய மாறியின் (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயரின்) எழுத்துவடிவம் ஒருமையில் முடிகிறதா பன்மையில் முடிகிறதா என்று ஓர் ஐயம் வருகிறது. கண்ட்ரோல்-எஃப் அழுத்திப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் எடிட்டர் 85ஆவது வரிக்குத் தாவி அதைக் காட்டுகிறது. பார்த்தாயிற்று. எஸ்கேப் விசையை அழுத்துகிறேன். பெட்டி மறைகிறது, கர்சரோ 85ஆவது வரியிலேயே நின்றுவிடுகிறது. பாதியில் விட்டுவந்த நிபந்தனை எந்த வரியில் இருந்தது? வரி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு யாரும் தேடப் போவதில்லை. திரையை உருட்டிக்கொண்டே இறங்கி, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நான்கு ஃபங்ஷன்களில் நான் எழுதிக்கொண்டிருந்தது எது என்று கண்டுபிடித்து, அரைகுறையாக நிற்கும் அடைப்புக்குறியை அடையாளம் கண்டு கர்சரை வைக்கும்போது, அது ஒருமையா பன்மையா என்பது மறந்துபோயிருக்கிறது. ஒரு நாள் இதை எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். மதியத்துக்குள் இரண்டு கை விரல்களும் போதாமல் போய்விட்டன.

தேடுவது என்ற ஒரே செயலுக்குள் இரண்டு நோக்கங்கள் இருக்கின்றன. அங்கே போய் வேலை செய்வதற்காகத் தேடுவது ஒன்று. எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்காகத் தேடுவது மற்றொன்று. என் எடிட்டருக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

பழைய எடிட்டர்கள் இரண்டையும் அறிந்திருந்தன என்பதுதான் வியப்பு. 1976இல் எம்.ஐ.டி.யில் பிறந்த ஈமேக்ஸின் இன்றைய வடிவத்தில், எழுத்தெழுத்தாகத் தட்டத் தட்டத் தேடிக்கொண்டே போகும்போது என்டர் விசையை அழுத்தினால் கண்டடைந்த இடத்திலேயே நிற்கலாம்; கண்ட்ரோல்-ஜி அழுத்தினால் தேடல் முழுவதும் கைவிடப்பட்டு, கர்சர் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும். என்டரை அழுத்திய பிறகு மனம் மாறினாலும் இழப்பில்லை, ஏனெனில் புறப்பட்ட இடத்தை அது ஒரு குறியாகப் போட்டு வைத்திருக்கும். 1991இல் வெளிவந்த விம் எடிட்டரிலும், தட்டும்போதே தேடும் வசதியை இயக்கியிருந்தால், எஸ்கேப் அழுத்தியதும் கர்சர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். தாவிய பிறகு திரும்ப வேண்டுமானால் சாய்ந்த ஒற்றை மேற்கோள் விசையை இருமுறை தட்டினால் போதும். தாவிய இடங்களை 100 வரை அது பட்டியலாகவும் நினைவில் வைத்திருக்கும். 1987இல் ஜெஃப் ராஸ்கின் வடிவமைத்து வெளிவந்த கேனன் கேட் என்ற கணினியில் மவுஸும் இல்லை, அம்புக்குறி விசைகளும் இல்லை. ஸ்பேஸ் விசைக்குக் கீழே இருந்த இரண்டு தாவல் விசைகளில் ஒன்றை அழுத்திக்கொண்டு தேட வேண்டிய எழுத்துகளைத் தட்டுவதே கர்சரை நகர்த்தும் வழியாக இருந்தது. தேடுவதும் நகர்வதும் ஒன்றே என்று கருதிய வடிவமைப்பு அது. என் எடிட்டரும் அப்படித்தான் கருதுகிறது, ஆனால் அதைச் சிந்தித்து முடிவுசெய்ததாகத் தெரியவில்லை.

இது வெறும் கவனக்குறைவு என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். பிறகு கவனித்தபோதுதான் சிக்கலின் வேர் என்டர் விசையில் இருப்பது புரிந்தது. ஈமேக்ஸில் அடுத்த பொருத்தத்துக்கு, அதாவது தேடிய சொல் வரும் அடுத்த இடத்துக்கு, செல்லக் கண்ட்ரோல்-எஸ் இருக்கிறது, விம்மில் தேடலை முடித்த பிறகு ‘n’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. ஆகவே அவ்விரண்டிலும் என்டர் விசை ‘இங்கேயே நிற்கிறேன்’ என்று சொல்வதற்கு மிஞ்சியிருக்கிறது. என் எடிட்டரிலோ என்டரை அழுத்தினால் அடுத்த பொருத்தத்துக்குப் போகும். பெட்டியை விட்டு வெளியேற எஸ்கேப் ஒன்றே வழி. இங்கேயே நிற்க விரும்புபவரும், திரும்பிப் போக விரும்புபவரும் ஒரே கதவின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதால், எடிட்டர் ஒரு பக்கம் சாய்ந்து முடிவெடுத்திருக்கிறது. வேறு எந்தப் பெட்டியிலும் எஸ்கேப் என்றால் ‘எதுவும் வேண்டாம், இருந்தபடியே விட்டுவிடு’ என்று பொருள். இந்தப் பெட்டியில் மட்டும் அப்படியில்லை.

மாற்று வழிகளே இல்லையா என்று கேட்கலாம். பின்செல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. ஆனால் தேடலின்போது இரண்டு மூன்று பொருத்தங்களைப் பார்த்திருந்தால் அது ஒவ்வொன்றாகப் பின்னே செல்கிறது. மூன்று முறை அழுத்தியதில் சரியான இடத்தில் நிற்கிறோமா, அதையும் தாண்டிவிட்டோமா என்பதை மறுபடியும் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஃபைலை இரண்டு பாதிகளாகப் பிரித்துத் திறந்து ஒன்றில் மட்டும் தேடலாம். ஒரு பெயரைச் சரிபார்க்க அது அதிகப்படியான ஏற்பாடு. பலரும் செய்வதும், நானும் பழகிப்போனதுமான உபாயம் வேறு: கடைசி மாற்றத்தை நீக்கும் கட்டளையை ஒருமுறை அழுத்தினால் கர்சர் கடைசியாக எழுதிய இடத்துக்குத் தாவும், உடனே மறுபடி செய்யும் கட்டளையை அழுத்தினால் நீங்கியது திரும்பிவிடும். நடுவில் யாராவது அழைத்து இரண்டாவதை மறந்தால், எழுதிய வரி போனதுகூடத் தெரியாமல் வேலை தொடரும். எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்த இடத்துக்கு இந்த உபாயம் பயன்படவும் செய்யாது. இன்னொரு காலத்தில், நிற்கும் இடத்தில் மூன்று எக்ஸ் எழுத்துகளைத் தட்டிவிட்டுத் தேடப் போவதும், பிறகு அந்த மூன்று எக்ஸைத் தேடி வருவதுமாக இருந்தேன். அவற்றுள் ஒன்று ஒரு கமென்ட்டுக்குள் (நிரலில் எழுதும் விளக்கக் குறிப்புக்குள்) தங்கி, கமிட்டிலும் (பதிவுசெய்து சேர்க்கும் மாற்றங்களிலும்) சேர்ந்து, மறுநாள் அதற்கு நான் விளக்கம் சொல்ல நேர்ந்ததுடன் அந்த வழக்கத்தைக் கைவிட்டேன்.

இருந்தாலும், எஸ்கேப்பின் இன்றைய நடத்தையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை நம்பிக் கைப்பழக்கம் ஏற்படுத்திக்கொண்டவர்கள் ஏராளமாக இருப்பார்கள்; அவர்களுடைய விரல்களை ஒரே இரவில் பொய்யாக்குவது நியாயமன்று. நான் கேட்பது, ‘தேடலை மூடி, தொடங்கிய இடத்துக்குத் திரும்பு’ என்ற ஒரே ஒரு புதிய கட்டளை. அதற்கு எந்த விசையையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டாம். வேண்டியவர்கள் தமக்குப் பிடித்த விசையில், எஸ்கேப்பிலேயேகூட, பொருத்திக்கொள்ளட்டும்.

சிறிய கட்டளைதான், ஆனால் அரைகுறையாகச் செய்தால் பயனில்லை என்பதால் சிலவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடங்கிய இடத்தை வெறும் வரி எண்ணாகக் குறித்துவைக்கக் கூடாது. தேடலின் நடுவே மேலே இரண்டு வரிகளை மாற்றீடு செய்து சேர்த்திருந்தால் 1,240 என்பது 1,242 ஆகியிருக்கும், ஆகவே உரையோடு சேர்ந்து நகரும் குறியாக அது இருக்க வேண்டும். பல கர்சர்கள் இருந்திருந்தால் அத்தனையும் திரும்ப வேண்டும். தேர்ந்தெடுத்திருந்த பகுதி தேர்ந்தெடுத்தபடியே இருக்க வேண்டும். பொருத்தத்தைக் காட்டுவதற்காக எடிட்டர் தானாகவே விரித்த மடிப்புகள் (சுருக்கி மறைத்துவைத்திருந்த நிரல் பகுதிகள்) மறுபடி மடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்சரோடு திரையின் நிலையும் திரும்ப வேண்டும். கர்சர் இருந்த வரி திரையின் அடிப்பகுதியில் இருந்ததென்றால் அங்கேயே இருக்க வேண்டும்; நடுவில் கொண்டுவந்து வைத்தால், சரியான வரியில் இருந்தும் வேறெங்கோ வந்துவிட்டது போன்ற மயக்கம் ஒரு கணம் ஏற்படுகிறது.

கண்ணால் பார்த்துத் தேடிக்கொள்ள முடிகிறவனுக்கு இது எரிச்சல் மட்டுமே. திரையை ஐந்து மடங்கு பெரிதாக்கி, ஒரே நேரத்தில் ஏழெட்டு வரிகளை மட்டும் காண்பவருக்கும், திரைவாசிப்பான் படிப்பதைக் கேட்டு நிரல் எழுதுபவருக்கும் நிலைமை வேறு. உருட்டிக்கொண்டே போய் அடையாளம் காண்பது அவர்களுக்கு ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கடப்பது என்றாகிறது. அவர்களுக்காகவாவது, இந்தக் கட்டளை வேலை செய்ததும் ‘தொடங்கிய இடம், வரி 1,242’ என்று திரைவாசிப்பானுக்கு ஒரு அறிவிப்பும் போக வேண்டும் என்று கோரிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

எடிட்டரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. மற்ற எல்லா வகையிலும் இது என் கைக்குப் பழகிய கருவி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறையை மீண்டும் நிகழ்த்திப் பார்ப்பதற்கான படிகளுடன் கோரிக்கையை அனுப்பியிருக்கிறேன். அதற்கு விடை வரும்வரை, தேடிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் என் இடது கை கண்ட்ரோல்-இசட், கண்ட்ரோல்-ஒய் என்று தட்டிக்கொண்டிருக்கும்; இரண்டாவதைத் தட்டினேனா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.