யூடியூபின் கண்டென்ட் ஐடி: கண்டுபிடிப்பதில் கெட்டி, வழக்குத் தீர்ப்பதில் தளர்ச்சி

யூடியூபில் காணொளியை ஏற்றியதும் அதன் ஒலியும் காட்சியும், உரிமையாளர்கள் முன்கூட்டியே ஒப்படைத்திருக்கும் மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிடப்படுகின்றன. 2007ஆம் ஆண்டு அறிமுகமான கண்டென்ட் ஐடி என்னும் இந்த ஏற்பாடு, பொருந்தும் பகுதியைக் கண்டால் உரிமையாளர் தேர்ந்துவைத்தபடி காணொளியை முடக்கும், அல்லது விளம்பர வருவாயை அவர் பக்கம் திருப்பும், அல்லது பார்வைக் கணக்கை மட்டும் அவருக்குக் காட்டும். கண்டுபிடிக்கும் வேலையை இது நன்றாகவே செய்கிறது. யாருக்கு உரிமை என்ற கேள்வி எழும்போதுதான் தடுமாறுகிறது.

கர்நாடக இசைச் சேனல்களை எடுத்துக்கொள்வோம். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளை யாரும் பாடலாம், வாசிக்கலாம். ஆனால் ஒரு வித்வான் பாடி இசை நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகள் உரிமை உண்டு. வீணை ஆசிரியை ஒருவர் அதே கீர்த்தனையைத் தம் வீட்டில் வாசித்து ஏற்றினாலும், மெட்டு ஒத்திருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வர வாய்ப்பிருக்கிறது. பாரதியார் பாடல்களில் நிலைமை வேறு: 1949இல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவுடைமையாக்கிய வரிகளை யார் வேண்டுமானாலும் பாடலாம் என்றாலும், பின்னாளில் திரைப்படத்துக்காக ஒருவர் அமைத்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு, அங்கே வரும் கோரிக்கை நியாயமானது. இந்த நுட்பமான வேறுபாட்டை ஒலியை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது. பிற தளங்களின் தானியங்கிக் கருவிகளிலும் இதே குறை உண்டு. 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தாமே வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஃபேஸ்புக்கில் ஏற்றியபோது, அதில் 47 விநாடிகள் சோனி மியூசிக்குக்கு உரியவை என்று கோரிக்கை வந்தது. பாக் மறைந்தது 1750இல்.

கோரிக்கை தவறென்று கருதுபவர் யூடியூப் ஸ்டூடியோ என்னும் சேனல் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் காணொளியின் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து, பொருந்திய பகுதி எந்த நிமிடத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று பார்த்து, மறுப்புக்கான காரணத்தைத் தேர்ந்து, விளக்கம் எழுதி, கையொப்பமாகத் தம் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த மறுப்பை முதலில் பரிசீலிப்பவர் கோரிக்கை வைத்தவரேதான். அவருக்கு 30 நாள் அவகாசம். அவர் நிராகரித்தால் மேல்முறையீடு. அதையும் அவரே பார்க்கிறார், 7 நாளில். அப்போதும் இணங்காவிட்டால் காணொளியை நீக்கச் சொல்லும் கோரிக்கையை அவர் யூடியூபுக்கு அனுப்பலாம். அது செல்லுபடியானால் சேனலுக்கு ஸ்ட்ரைக், அதாவது எச்சரிக்கைக் குறி, விழும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். கடைசிப் படியான, நீக்கிய காணொளியைத் திரும்ப வைக்கக் கோரும் எதிர்அறிவிப்பில் தம் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை எதிர்த்தரப்பிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து தனியாகச் சேனல் நடத்தும் ஒரு பெண் இதற்குத் தயங்குவதில் வியப்பில்லை. ஒரு தரப்பே நீதிபதியாகவும் அமரும் இந்த வரிசைதான் சேவையின் பெருங்குறை என்பது என் உறுதியான கருத்து.

யூடியூப் வெளியிட்ட கணக்கே இதை உணர்த்துகிறது. 2021இன் முதல் ஆறு மாதங்களில் 72 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் எழுந்தன. மறுக்கப்பட்டவை சுமார் 22 லட்சம் மட்டுமே. அவற்றிலும் 60 விழுக்காடு ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன. மறுக்கப்படாத அத்தனையும் சரியான கோரிக்கைகள் என்று நான் நம்பவில்லை. ஸ்ட்ரைக் பயத்தில் வாய்மூடியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். திரை விமர்சகர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. விமர்சனத்துக்காகச் சிறு பகுதியை எடுத்தாளும் நியாயமான பயன்பாட்டை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் எது நியாயம் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய முடியும், அதுவரை படம் வெளியான வாரத்தின் பார்வைகள் காத்திருக்காது.

பாராட்ட வேண்டியவையும் உண்டு. பொருந்திய பகுதியை வெட்டவும், பாடலை மட்டும் அழித்துப் பேச்சை விட்டுவைக்கவும் ஸ்டூடியோவிலேயே வசதி இருக்கிறது. தகராறு நடக்கும் காலத்தில் வருவாய் தனியே நிறுத்திவைக்கப்பட்டு வென்றவருக்குத் தரப்படுவது முறையான ஏற்பாடு. ஆனால் கோரிக்கை வந்த 5 நாளுக்குள் மறுத்தால்தான் முதல் நாளிலிருந்து பணம் நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் மறுத்த நாளிலிருந்துதான். ஆகவே புதியவர்கள் ஏற்றும்போதே பதிப்புரிமைச் சோதனை முடியும்வரை காணொளியைப் பொதுவில் விடாமல் வைத்திருப்பதும், உரிமம் பெற்ற இசையின் ரசீதையும் சொந்தப் பதிவின் மூலக்கோப்பையும் முன்பே எடுத்துவைப்பதும் அவசியம். அவை கையில் இருந்தால் அந்த 5 நாளுக்குள் மறுப்பை எழுதி அனுப்பிவிடலாம்.